பைய

எட்டு கிராம் டைட்டானியம், இரண்டு கிராம் கரி.
கரி என்றால் அடுப்புக்கரி இல்லை,
மூச்சு விட்டாலே பறக்கிற புகைக்கரி.
அபிஷேகப்பட்டியில் ஆனி மாதம் ஜன்னலைத் திறந்தால்
மேல்காற்று அள்ளிக்கொண்டு போய்விடும்.
சாத்திவிட்டு,
மின்விசிறியை நிறுத்திவிட்டு,
வியர்வை பொடியில் சொட்டாமலிருக்க
நெற்றியில் துண்டு கட்டி
அரைக்கிறேன்.

டைட்டானியம் எங்கள் ஊர்க்காரிதான்.
உவரிக் கடற்கரையில் கறுப்பு மண்ணோடு கிடந்தவள்;
செருப்பை உதறாமல் வந்தால் அம்மா ஏசுவாள்.
லாரி ஏறி, கப்பல் ஏறி,
எங்கெங்கோ குளித்து,
நூறு கிராம் பொட்டலமாகத் திரும்பியிருக்கிறாள்.
பில்லில் கையெழுத்துப் போடுமுன் பிரம்மநாயகம் சார்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அழுத்தினால் வில்லை. அரைச் சுண்டுவிரல் உயரம்.
கலத்துக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி, ஆர்கானை நிரப்பி,
மேலே கம்பிச்சுருள் ஒன்று சிவந்து தொட்டால் போதும்,
பிறகு நம் தயவு அதற்கு வேண்டாம்.
மேலடுக்கு எரிந்த சூட்டில் அடுத்த அடுக்கு,
அதன் சூட்டில் அதற்கடுத்தது,
மூவாயிரம் பாகைக்குப் பக்கம்.
காலை ஒன்பதிலிருந்து நான் பட்ட பாடு
மூன்று நொடியில் முடிந்துவிடும்.
தும்மினால் போச்சு.

முதல் பதினாறும் வெடித்தன.
விரிசல், உப்பல்,
ஒன்று கலத்தின் கண்ணாடியிலேயே போய் ஒட்டிக்கொண்டது.
'இதுக்கு அவசரம்' என்றார் காஜா முகைதீன்,
மேலப்பாளையத்திலிருந்து வந்து
எங்கள் பம்புகளுக்கு எண்ணெய் ஊற்றுகிறவர்.
'பைய எரியச் சொல்லும்மா.'

பைய எரிய ஒரு வழி உண்டு.
புத்தகத்தில் அதற்கு நீர்க்கச் செய்தல் என்று பெயர்,
சேர்ப்பது நீர் இல்லை.
முன்னால் எரிந்து முடிந்ததையே பொடித்து
எரியாததோடு கலக்க வேண்டும்.
அதற்கு இனி எரிய ஒன்றும் இல்லை;
சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

ஆக, வெடித்த பதினாறையும் அள்ளினேன்.
அகேட் உரலில் போட்டால் உரல் கீறிற்று,
அதே உரலில் அரைபட்டுப் பிறந்ததுதான்.
இரும்பு உரலில் குத்தி, அமிலத்தில் அலசி, சலித்து,
மூன்றில் ஒரு பங்கு சேர்த்தேன்.
அதிகம்.
பதினேழாவது பாதியில் நின்றது.
மேலே கல், கீழே பொடி,
நடுவே நகத்துக்குத் தட்டுப்படும் ஒரு கோடு.
தூக்கிப்போட மனம் வரவில்லை.
மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

பதினெட்டுக்கு ஐந்தில் ஒன்று.

சாயங்காலம் ஆறே முக்கால்.
சுருள் சிவந்தது. தொட்டது.
அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று.
நீர்ப் பம்பு ஓய்ந்தது. கேமரா அணைந்தது.
வெப்பத்தை எழுதும் பெட்டியும் அணைந்தது.
பக்கத்து அறையில் மூன்று நாளாய்
உலையை ஆயிரத்து நானூறில் நிறுத்திவைத்திருந்த முப்பிடாதி
மின்வாரியத்தின் ஏழு தலைமுறையையும் கூப்பிட்டாள்.
வெளியே ஒரு மயில் அவளோடு சேர்ந்துகொண்டது.

கலத்துக்குள் மட்டும்
வெள்ளைக் கோடு ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.
நேராகக்கூட இல்லை,
பம்பரத்தில் கயிறு சுற்றுகிற மாதிரி
சுற்றிச் சுற்றி.
பத்து நொடி இருக்கும். பன்னிரண்டா?
எண்ணவில்லை.
வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறியதும் எடுத்தேன். விரிசல் இல்லை.
நிறம்கூடப் பெரிதாய் மாறவில்லை.
'வரைபடம் எங்கே?' என்றார் பிரம்மநாயகம் சார்.
கரண்டு இல்லை சார்.
'அப்படியென்றால் நடக்கவில்லை' என்றார்,
கெட்ட எண்ணத்தில் இல்லை,
ஆய்வேடு அப்படித்தான் கேட்கும்.

சோதனைக்குழாய் ஒன்றை எடுத்து
வில்லையின் விளிம்பால் இழுத்தேன்.
கிரீச்.
விழுந்த கோட்டை அவர் விரலால் தடவிப் பார்த்தார்.
மறுபடி தடவினார்.
'நாளைக்கு இன்னொன்று.
ஜெனரேட்டரில் டீசல் இருக்கிறதா என்று பாருங்கள்.'

எட்டு கிராம். இரண்டு கிராம்.
கூடவே,
வெடித்த பதினாறின் பொடியில்
மீந்து கிடந்த இரண்டரை.